200 ஓர்க்குகள், 120 காவலர்கள், ஒரு மேஜை: பெரிய போரை எப்படி நடத்துவது?

கேள்வி, மார்ச் 3

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற, ஆளுக்கொரு கேரக்டராகக் கதை ஆடும் மேஜை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் ஒரு கேம்பைன், அதாவது தொடர்கதை, நடத்திக்கொண்டிருக்கிறேன். ஆட்டக்காரர்கள் நான்கு பேர், எல்லாருமே ஏழாம் லெவல். கதை இப்போது ஒரு முற்றுகையில் வந்து நிற்கிறது. கோட்டைக்குள் 120 காவலர்கள், வெளியே 200 ஓர்க்குகள் (அரக்க வீரர்கள்), நடுவில் ஆறு, ஆற்றின் மேல் ஒரு கல்பாலம். ஒத்திகை பார்க்கலாமே என்று தனியாக உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கும் நானே டைஸ் உருட்டினேன். மூன்று மணி நேரத்தில் மூன்று ரவுண்டு. விதிப்படி பெரிய போரை நடத்தவே முடியாது, வாயால் கதையாகச் சொல்லி முடித்துவிடுவதுதான் ஒரே வழி என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். மறுப்பவர் உண்டா?

மார்ச் 3, இரவு

மறுக்கிறேன், ஆனால் பாதியைத்தான்.

கணக்கைப் பாருங்கள். 320 பேர், ஆளுக்கு ஓர் உருட்டல், உருட்டலுக்கு 10 வினாடி. மொத்தம் 3,200 வினாடி, அதாவது 53 நிமிடம். ஆட்டத்துக்குள் ஒரு ரவுண்டு 6 வினாடி. உங்கள் மூன்று மணி நேர உழைப்பில் கோட்டையில் கழிந்தது 18 வினாடி. மணியடிக்கப் போனவன் இன்னும் படியேறி முடித்திருக்க மாட்டான். ஆகவே ஆள் ஆளாக உருட்டுவது ஆகாத காரியம், அதில் தகராறே இல்லை.

வாயால் சொல்லி முடிப்பதைத்தான் மறுக்கிறேன். நான் அதைச் செய்து சூடுபட்டவன். தூக்கம் வருகிறது, நாளை.

மார்ச் 4

சூடுபட்ட கதைக்கு முன்னால் கொஞ்சம் பழங்கதை.

இந்த ஆட்டமே பெரிய போர்களிலிருந்து பிறந்ததுதான். 1971-ல் கேரி கைகேக்ஸும் ஜெஃப் பெரனும் செயின்மெயில் என்று ஒரு மத்தியகாலப் போர் விதித்தொகுப்பு போட்டார்கள். அதில் ஒரு பொம்மை 20 வீரர்களைக் குறிக்கும். கடைசியில் ஒட்டிய மாயாஜாலப் பகுதியில் ஒரு ஹீரோ நான்கு பேருக்குச் சமம், சூப்பர்ஹீரோ எட்டுப் பேருக்கு. மந்திரவாதி எறியும் நெருப்புருண்டை பெரிய கவண்பொறி எறியும் கல் போலக் கணக்கிடப்படும். மூன்று வருடம் கழித்து, 1974-ல், கைகேக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த டி அண்ட் டி, படையை விட்டுவிட்டு அந்த ஒற்றை ஹீரோவைப் பிடித்துக்கொண்டது. அவனை நிலவறைக்குள் இறக்கி, அவன் பையில் எத்தனை அடி கயிறு இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தது.

அன்றிலிருந்து விதிகள் எல்லாம் தனி ஆளுக்காக இழைத்தவை. அவற்றை வைத்துக்கொண்டு படையை ஓட்டுவது தையல் ஊசியால் வயல் உழுவது மாதிரி. ஊசி மேல் குற்றமில்லை.

திரும்பிப் போகும் முயற்சிகளும் நடந்தன. 1984-ல் வந்த டி அண்ட் டியின் கம்பேனியன் பெட்டியில் வார் மெஷின் என்று ஒரு முறை. ஒவ்வொரு படைக்கும் ஒரு மதிப்பெண், இரண்டு பக்கமும் நூறு பக்க டைஸ் உருட்டி அதோடு கூட்டவேண்டும், வித்தியாசத்தை அட்டவணையில் பார்த்தால் யார் ஜெயித்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்று வந்துவிடும். ஐந்து நிமிட வேலை. அடுத்த வருடமே பேட்டில்சிஸ்டம் வந்தது. அது நேர் எதிர்: அட்டை வீரர்கள், அணிவகுப்பு, முழுநீளப் போர் ஆட்டம். முதலாவதில் ஆட்டக்காரர்களுக்கு வேலையே இல்லை. இரண்டாவதில் ஆட்டக்காரர்கள் தங்கள் கேரக்டரை மறந்துவிட்டுத் தளபதி ஆகிவிடுகிறார்கள். நாற்பது வருடம் ஆகியும் நாம் இந்த இரண்டு முனைகளுக்கு நடுவில்தான் ஊசலாடிக்கொண்டிருக்கிறோம் என்பது என் கட்சி.

மார்ச் 4, கொஞ்ச நேரம் கழித்து

என் முதல் தோல்வி இரண்டாவது வகை. சட்டைப் பொத்தான்களை வைத்து ஒரு போர். ஒரு பொத்தான் 10 வீரர்கள், 40 கறுப்பு, 25 வெள்ளை. நானே ஆறு பக்கத்துக்கு விதி எழுதினேன். அந்த வயதில் அதில் பெருமை வேறு.

முதல் ஒரு மணி நேரம் எல்லாரும் குனிந்து பொத்தான் நகர்த்தினார்கள். அப்புறம் வாள்வீரனாக ஆடிய நண்பனின் முறை வந்தது. இரண்டு வெட்டு, இரண்டும் பட்டது, ஓர் ஓர்க் விழுந்தது. "இதை எங்கடா குறிக்கிறது?" என்று கேட்டான். நான் பென்சிலால் அந்தப் பொத்தான் பக்கத்தில் 9 என்று எழுதினேன். அவன் அந்த ஒன்பதையும் மேஜையில் மிச்சமிருந்த 39 கறுப்புப் பொத்தான்களையும் மாறி மாறிப் பார்த்தான். யானைப் பசிக்குச் சோளப்பொரி. அடுத்த முறை வந்தபோது அவன் கையில் போன் இருந்தது.

மந்திரவாதியாக ஆடியவளுக்கு மட்டும் கொண்டாட்டம். ஃபயர்பால் என்ற நெருப்புருண்டை மந்திரத்துக்கு 20 அடி ஆரம். ஐந்தடிக் கட்டங்களாக எண்ணினால் ஏறக்குறைய 50. நெருக்கி நிற்கும் படையில் ஐந்து பொத்தான் ஒரே வீச்சில் போயிற்று. மூன்றாவது தடவைக்குப் பிறகு நான் ஓர்க்குகளைத் தள்ளித் தள்ளி நிற்கவைத்தேன். "திடீர்னு இவங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?" என்றாள். பதில் இல்லை.

மார்ச் 6

இரண்டாம் தோல்வி. இதுதான் உங்களுக்கான பதில், கேள்வி கேட்டவரே.

பொத்தான் கதைக்குப் பிறகு எதிர்த்திசையில் ஓடினேன். போரை முழுக்க எழுதி வைத்துக்கொண்டேன். நல்ல நடை, நானே இரண்டு தடவை திருத்தினேன். நடுவில் மூன்று இடத்தில் கேரக்டர்களுக்கு வழக்கமான சண்டை: மதில்மேல் ஒன்று, கோபுரத்தில் ஒன்று, கடைசியாக எதிரித் தளபதியோடு. இடைவெளிகளில் நான் வாசிக்க வேண்டியது. விடியும்போது மலை மேல் உதவிப்படை தெரியும், எதிரிகள் சிதறி ஓடுவார்கள்.

எல்லாம் நன்றாகவே போனது. சூரியன் உதித்தது. ஒரு நிமிடம் அமைதி. அப்புறம் ஒருத்தி கேட்டாள்: "நாங்க அந்தக் கோபுரத்துல தோத்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

நான் ஒரு வினாடி தாமதித்தேன். அந்த ஒரு வினாடி போதும்.

"அதே சூரியன்தான் உதிச்சிருக்கும், இல்ல?"

யாரும் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே டைஸைப் பைகளில் போட்டார்கள். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலை போலிருந்தது. அதற்குப் பிறகு நான் எந்த வர்ணனை சொன்னாலும் அவள் முகத்தில் "சரி, சரி, முடி" என்று ஒரு பாவம் வரும்.

ஆக என் பிடிவாதம் இதுதான்: போர் எப்படி முடியும் என்று நடத்துகிறவருக்கே தெரியக்கூடாது. ஆட்டக்காரர்கள் செய்வது அந்த முடிவைக் கண்ணுக்குத் தெரியும்படி தள்ளவேண்டும். இரண்டும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் பொத்தான் அல்லது சூரியன்.

மார்ச் 7

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். சொந்தச் சரக்கு பாதி, திருடியது பாதி.

திருடியது சாவேஜ் வேர்ல்ட்ஸ் என்ற இன்னொரு ஆட்டத்திலிருந்து. அதில் பெரிய படைக்கு 10 டோக்கன், சின்னப் படைக்கு அந்த விகிதத்தில் குறைவாக. உங்கள் 200-க்கு 10 என்றால் 120-க்கு 6. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தளபதிகளும் எதிரெதிராக உருட்ட, தோற்ற பக்கம் டோக்கன் இழக்கும், இழந்தால் படை நிலைத்து நிற்குமா என்று ஒரு சோதனை. ஆட்டக்காரர்களின் கேரக்டர்கள் தனியாகச் செய்யும் சாகசம் தளபதியின் உருட்டலுக்குக் கூடுதலாக வந்து சேரும்.

இதில் எனக்குப் பிடித்தது டோக்கன்கள் மேஜை நடுவில் எல்லார் கண்ணிலும் படும்படி நிற்பதுதான். பத்துக் காசு ஒரு அடுக்கு, ஆறு காசு ஒரு அடுக்கு. அந்த ஆறு ஐந்தாகும்போது மேஜையில் யாரும் போனைத் தொடமாட்டார்கள்.

நான் உருட்டுவது எளிமையானது. இரண்டு பக்கமும் 2டி6 (ஆறு பக்க டைஸ் இரண்டின் கூட்டல்), அதிகம் வந்தவர் எதிரியின் டோக்கன் ஒன்றை எடுப்பார், சமம் என்றால் இரண்டு பக்கமும் ஒன்று இழக்கும். மேஜை நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை. இடைப்பட்ட நேரம் முழுக்க கேரக்டர்களுடையது.

அங்கேதான் என் சொந்தச் சரக்கு: கார்டுகள். போர்க்களத்தில் நடக்கும் ஒவ்வொரு நெருக்கடிக்கும் ஒரு கார்டு. முன்பக்கம் என்ன நடக்கிறது. பின்பக்கம், யாரும் போகாவிட்டால் எப்போது என்ன ஆகும். பின்பக்கத்தைப் போருக்கு முன்பே எழுதிவிட வேண்டும், பேனாவால். பென்சிலால் எழுதினால் கை அரிக்கும், மாற்றத் தோன்றும்.

உங்கள் கோட்டைக்கு நானாக இருந்தால்:

பாலத்தில் ஓர்க்குகள் கேடயங்களைக் கூரைபோல் பிடித்துக்கொண்டு இடிமரம் தூக்கி வருகின்றன. இரண்டாம் படை உருட்டலுக்குள் தடுக்காவிட்டால் வாசல் போச்சு. எதிர்க்கரை மேட்டில் ஒரு பூசாரி போர்முரசு அடிக்கிறான். அது ஒலிக்கும்வரை ஓர்க்குகளுக்குப் பயமே வராது. கோட்டைக்குள் தண்ணீர் வரும் மதகுப் பக்கம் விளக்கொளி தெரிகிறது. உள்ளிருந்து யாரோ கம்பியை அறுக்கிறார்கள். தளபதி மதிலிலிருந்து விழுந்துவிட்டார் என்று வதந்தி. தெற்கு மதில் காவலர்கள் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். தானியக் கிடங்கில் தீ.

நான்கு ஆட்டக்காரர்களுக்கு ஐந்து கார்டு. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியக்கூடாது. எதை விடுவது என்று அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளும் அந்த ஐந்து நிமிடம்தான் போர்.

வென்ற கார்டு ஒவ்வொன்றுக்கும் அடுத்த படை உருட்டலில் கூடுதலாக 2.

மார்ச் 7, இரவு

எழுதிவிட்டுப் படுத்தபோது தோன்றியது. பாரதப் போரில் 18 அக்குரோணி. ஓர் அக்குரோணிக்குத் தேர் 21,870, யானை அதே அளவு, குதிரை 65,610, காலாள் 1,09,350. பதினெட்டால் பெருக்கினால் 39 லட்சத்தைத் தாண்டும். கேட்ட நமக்கு நினைவில் இருப்பது எத்தனை பேர்? சக்கரவியூகத்துக்குள் நுழைய மட்டும் தெரிந்த ஒரு பையன், அவன் பின்னால் வழியை அடைத்த ஜயத்ரதன். அபிமன்யுவின் கார்டை எழுதிப் பாருங்கள். முன்பக்கம்: வியூகத்தை உடைக்கவேண்டும், நுழையத் தெரிந்தவன் ஒருவனே. பின்பக்கம்: பின்தொடர்பவர்களை ஒருவன் தடுப்பான். அந்த லட்சக்கணக்கான பேர் அந்த ஒரு கேள்விக்குப் பின்னணி ஓசை.

கதை சொன்னவர்களுக்கு இந்தச் சிக்கல் நமக்கு முன்பே தெரிந்திருக்கிறது. டைஸ் மட்டும்தான் கைவசம் இல்லை. இல்லை, அதுவும் இருந்தது. அதனால்தான் போரே வந்தது.

மார்ச் 8

"கும்பலாக வரும் ஓர்க்குகள் கேரக்டர்களைத் தாக்கினால் அதையாவது உருட்டவேண்டுமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 2014-ல் வந்த டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் கும்பல் தாக்குதலுக்கு ஒரு குட்டி அட்டவணை இருக்கிறது, பலர் கண்ணில் படாமலே போய்விடுகிறது. கேரக்டரின் ஆர்மர் கிளாஸிலிருந்து, அதாவது அவனை அடிக்க எட்டவேண்டிய எண்ணிலிருந்து, தாக்குபவர் உருட்டலோடு கூட்டிக்கொள்ளும் போனஸைக் கழியுங்கள். வருகிற எண்தான் டி20-ல், இருபது பக்க டைஸில், விழவேண்டியது. அதற்கு எதிரே, எத்தனை பேர் தாக்கினால் ஓர் அடி விழும் என்று எழுதியிருக்கும். டைஸே தேவையில்லை.

ஓர்க்குக்குப் போனஸ் 5. உங்கள் வாள்வீரனுக்கு ஆர்மர் கிளாஸ் 18. எனவே 13 வேண்டும். பத்து ஓர்க் சூழ்ந்தால் நான்கு அடி. ஓர் அடிக்குச் சராசரி 9. ஒரு ரவுண்டுக்கு 36.

மார்ச் 9

தவறு. அட்டவணைப்படி 13-க்கு மூன்று பேருக்கு ஓர் அடி. பத்துப் பேர் என்றால் மூன்று அடி, 27. நான் அட்டவணையைத் திறக்காமல் சதவீதக் கணக்கு போட்டுவிட்டேன்: 13 அல்லது மேலே விழ 40 சதவீதம், பத்துக்கு நான்கு. நிஜ நிகழ்தகவு அதுதான். அட்டவணை கொஞ்சம் கருணை காட்டுகிறது, அவ்வளவே. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி, இவ்வளவு குதூகலமாகச் சுட்டியிருக்க வேண்டாம்.

அதோடு இன்னொன்றையும் நானே ஒப்புக்கொள்கிறேன். கார்டுக்கு 2 என்றேனே, அது அபத்தம். மூன்று கார்டு ஜெயித்தால் 6 சேர்ந்துவிடும். இரண்டு பக்கமும் 2டி6 உருட்டும் இடத்தில் 6 கூடுதல் என்றால் ஜெயிக்கும் வாய்ப்பு 95 சதவீதத்தை ஒட்டிப் போய்விடுகிறது. உருட்டுவதே வீண் சடங்கு. கார்டுக்கு 1 என்று வைத்தால் மூன்று கார்டுக்கு 76 சதவீதம். நெஞ்சு படபடக்க அந்த மிச்சம் போதும். சென்ற வருடம் முழுக்க 2 வைத்து ஆடியிருக்கிறேன், என் குழு ஏன் தோற்றதே இல்லை என்று இப்போதுதான் புரிகிறது.

மார்ச் 10

டிராகனை இறக்கலாமா என்று ஒருவர். இறக்குவதற்கு முன்னால் ஒரு கணக்கு, இந்தத் தடவை திறந்து பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

வயதுவந்த சிவப்பு டிராகன், ஐந்தாம் பதிப்பின் முதல் உருவத்தில்: ஆர்மர் கிளாஸ் 19, ஹெச்பி (உயிர்ப்புள்ளி) 256. சாதாரணக் காவலன் கையில் நெடுவில்லைக் கொடுத்தால் போனஸ் 3. எனவே 16 விழவேண்டும், நாலில் ஒரு வாய்ப்பு. மதிலில் 100 பேர் நின்றால் ஒரு ரவுண்டுக்கு 25 அம்பு தைக்கும். அம்புக்குச் சராசரி ஐந்தரை. 137 போயிற்று. 20 விழுந்த ஐந்து அம்புகளின் இரட்டிப்பையும் சேர்த்தால் 160. இரண்டாம் ரவுண்டில் டிராகன் செத்துவிடும். 12 வினாடி.

பழைய பதிப்புகளில் இப்படி நடக்காது. ஐந்தாம் பதிப்பில் எண்களை வேண்டுமென்றே தாழ்வாக வைத்திருக்கிறார்கள், எந்தச் சின்ன ஆளும் யாரையும் தொடலாம் என்று. எனக்கு அது பிடிக்கும். ஆனால் படை என்று வந்ததும் அது டிராகனைக் கோழியாக்கிவிடுகிறது.

மருந்து? டிராகனுக்கும் இந்தக் கணக்கு தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இரவில் வரும். கண்டால் நடுங்கவைக்கும் அச்சம் அதற்கு 120 அடிக்கு இருக்கிறது, நடுங்குபவன் அம்பு சரியாகப் போகாது. மேகத்துக்கு மேலிருந்து பாறையைப் போடும். மதிலை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் கிடங்கைக் கொளுத்திவிட்டுப் போகும். டிராகன் வந்தாலும் அது இன்னொரு கார்டுதான். படை உருட்டலில் சேர்க்காதீர்கள்.

மார்ச் 12

கேரக்டர்களில் ஒருவரே தளபதி என்றால்? இதற்கு நான் இதுவரை சொன்னது எதுவும் சரியாகப் பொருந்தாது என்று நேற்று முழுக்க யோசித்தேன்.

என் மேஜையில் ஒரு தடவை நடந்தது. தளபதியாக ஆடியவன் எல்லாவற்றையும் மேலிருந்து பார்ப்பவன் போலக் கட்டளை போட்டான். குதிரைப்படை இடது பக்கம், வில்லாளிகள் பின்னால், ஈட்டிக்காரர்கள் இரண்டு அடி முன்னால். எனக்கே அலுத்துவிட்டது. அடுத்த செஷனில் அவனிடம் ஒரு கட்டுத் துண்டுச்சீட்டு கொடுத்தேன். கட்டளையைச் சீட்டில் எழுதி என்னிடம் தரவேண்டும். நான் அதை மடித்து வைத்துக்கொள்வேன். அடுத்த படை உருட்டலின்போதுதான் அது போய்ச் சேரும். ஒரு சீட்டில் பத்துச் சொல்லுக்கு மேல் கூடாது.

முதல் சீட்டு: "குதிரைப்படை ஓடையைத் தாண்டித் தாக்கு." எழுதிக் கொடுத்த ஐந்தாவது நிமிடம், ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது எதிரி இல்லை, நம் ஈட்டிக்காரர்கள்தான் முன்னேறியிருக்கிறார்கள் என்று இன்னொரு கேரக்டர் கண்டுபிடித்துவிட்டாள். அவன் என் கையிலிருந்த சீட்டைப் பிடுங்க வந்தான். நான் கொடுக்கவில்லை. "தூதன் கிளம்பிட்டான்."

"அப்ப நான் அவனைத் துரத்திப் பிடிக்கிறேன்!"

அடுத்த கால் மணி நேரம் அந்தப் படைக்கே தளபதியானவன் தன் தூதனையே துரத்திக்கொண்டு களத்துக்குள் குதிரையில் பறந்தான். எதிரி அம்பு இரண்டு தோளில். கடைசி டைஸில் பிடித்தான். மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான், நிஜமாகவே.

நான் திட்டமிட்டது எதுவும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. தளபதியைக் களத்துக்குள் இறக்கவேண்டும் என்று எத்தனை வருடமாக யோசித்திருக்கிறேன்! ஒரு மடித்த சீட்டு செய்துவிட்டது.

மார்ச் 13

இல்லை, "எதிரி எங்கே என்று பொய் சொல்லலாமா" என்ற கேள்விக்கு: பொய் வேண்டாம், பழைய செய்தி சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்கு முந்தைய உண்மை போதுமான அளவு பொய்.

மார்ச் 15

ஓடுவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

ஐந்தாம் பதிப்பில் ஓர்க்குக்கு 15 ஹெச்பி. ஃபயர்பாலின் சராசரி 28. தப்பிக்க உருட்டும் சேவிங் த்ரோவில் தேறியவனுக்குப் பாதி, 14. அதாவது அந்த 50 கட்டத்துக்குள் உடல் முழுக்க வெந்து, பக்கத்தில் நின்றவன் கரியாகி விழுந்ததைப் பார்த்து, 1 ஹெச்பியோடு நிற்கும் ஓர்க்குகள் கொஞ்சம் இருக்கும். அடுத்த ரவுண்டில் அவை என்ன செய்யும்? விதியைக் கேட்டால், முழு பலத்தோடு கோடாலியை வீசும். எந்தப் பிறவியும் அப்படிச் செய்யாது.

பழைய பதிப்புகள் இதில் புத்திசாலிகள். 1981-ன் டி அண்ட் டி பேசிக் பெட்டியில் ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு மொரால் எண், அதாவது மனத்துணிவு எண், உண்டு. முதல் ஆள் செத்ததும் ஒரு தடவை, பாதிப் பேர் விழுந்ததும் ஒரு தடவை 2டி6. எண்ணைத் தாண்டினால் ஓட்டம் அல்லது சரண். எண் 7 என்றால் 42 சதவீதம் ஓடிவிடுவார்கள். 8 என்றால் 28. ஒரே ஒரு எண் வித்தியாசத்தில் ஒரு படையின் குணமே மாறிவிடுகிறது. உங்கள் பூசாரியின் முரசு இதைத்தான் செய்கிறது: ஒலிக்கும்வரை சோதனையே கிடையாது, நின்றால் 7. முரசுக் கார்டை யாராவது எடுத்தார்கள் என்றால் அதன் பலனை டோக்கனில் காட்டாதீர்கள். முரசு நின்ற அந்த அமைதியைச் சொல்லுங்கள், அப்புறம் அவர்களையே 2டி6 உருட்டவையுங்கள்.

நிஜப் போர்களிலும் வரிசை உடைந்து ஓட ஆரம்பித்த பிறகு முதுகில் வெட்டுப்பட்டுச் செத்தவர்கள் ஏராளம். ஆகவே கடைசி ஓர்க் வரை வெட்டவேண்டியதில்லை. அவற்றின் பத்து டோக்கனில் நான்கு இருக்கும்போதே போர் முடிந்திருக்கலாம்.

இதே சோதனை நம் பக்கத்துக்கும் உண்டு. அதை நான் கொஞ்சம் வேறு மாதிரி செய்கிறேன். போருக்கு முன் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு சாதாரணக் காவலனைக் கொடுப்பேன். பெயர், ஒரு வரி, அவ்வளவுதான். "ஈட்டி இரவல், திருப்பித் தருவதாக வாக்கு." "மதிலுக்குக் கீழேதான் வீடு." அந்தக் காவலனுக்கு அவர்களே மொரால் உருட்டவேண்டும். என் குழுவில் பெரிய வீராப்புக்காரி ஒருத்தி, அந்தக் கோபுரக் கேள்வி கேட்டவள்தான், தன் காவலனுக்கு 11 உருட்டினாள். "ஓடிட்டான்" என்றாள் மெதுவாக. பிறகு இரவல் ஈட்டி என்ன ஆயிற்று என்று கேட்டாள். கீழே கிடக்கிறது என்றேன். அந்த ஈட்டியை அவளுடைய நிஜக் கேரக்டர், ஏழாம் லெவல் பலாடின் (புனித வீராங்கனை), குனிந்து எடுத்துக்கொண்டாள். கேம்பைன் முடியும்வரை மாயவாளை விட்டுவிட்டு அதையும் தூக்கிக்கொண்டு திரிந்தாள். ஈட்டிக்காரனைத் தேடி.

மார்ச் 16

லெஜண்ட் ஆஃப் த ஃபைவ் ரிங்ஸ் என்ற ஆட்டத்தின் போர் முறையை ஏன் சொல்லவில்லை என்று கேட்டவருக்கு: சொல்லியிருக்க வேண்டும். 1997 பதிப்பு. போரின் ஒவ்வொரு சுற்றிலும் உன் கேரக்டர் எங்கே நிற்கிறான் என்று நீயே தேர்ந்தெடு: பின்னணியில், ஓரமாக, மோதலில், நடு உக்கிரத்தில். உருட்டு, அட்டவணை பார். உள்ளே போகப் போகக் காயமும் அதிகம், புகழும் அதிகம், தனிச் சாகசத்துக்கான வாய்ப்பும் அதிகம். "எவ்வளவு தூரம் உள்ளே போகிறாய்?" என்பது அழகான கேள்வி. ஒரு சாகசத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் தொடர்பு இல்லாததுதான் எனக்குக் குறை.

மார்ச் 18

நடுவில் ஓர் இரண்டாம் யோசனை. இவ்வளவும் எழுதியது கோட்டை முற்றுகைக்கு மட்டும்தான் வேலை செய்கிறதோ?

பள்ளியில் மனப்பாடம் செய்த அந்த வெண்பா. வெட்சி நிரை கவர்தல், மீட்டல் கரந்தை, எதிரி நாட்டின் மேல் செல்வது வஞ்சி, எதிர்த்து ஊன்றுவது காஞ்சி, மதில் காப்பது நொச்சி, அதை வளைப்பது உழிஞை, அதிரப் பொருவது தும்பை, வென்றது வாகை. போர் என்றதும் நாம் எல்லாரும் நேராகத் தும்பைக்குப் போய்விடுகிறோம். எட்டில் ஒன்று. ஆனால் நான்கு பேர் கொண்ட குழுவுக்கு அளவெடுத்துத் தைத்தது வெட்சியும் கரந்தையும்தான்: இரவில் போய் எதிரியின் குதிரைகளை ஓட்டிவருவது, ஓட்டிக்கொண்டு போனதை மீட்பது. அதில் ஆறு டோக்கன் ஏழாகலாம், எதிரியின் பத்து எட்டாகலாம்.

கேள்வி கேட்டவரே, உங்கள் போருக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்றீர்கள். முதல் செஷனை முற்றுகைக்கு முந்தைய இரவாக வையுங்கள். 10-க்கு 6 என்ற அடுக்கை மேஜையில் வைத்துவிட்டு, "விடிய ஆறு மணி நேரம் இருக்கிறது" என்று மட்டும் சொல்லுங்கள்.

மார்ச் 19

தும்பைப் பூவைச் சூடிக்கொண்டு விளையாட வரலாமா என்று கேட்டவர், தாராளமாக. டைஸ் மேல் உதிராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 26

கேள்வி கேட்டவரிடமிருந்து சேதி வந்திருக்கிறது. இரவு செஷனை நடத்தினாராம். நான்கு பேரும் ஐந்து நிமிடம் குசுகுசுவென்று பேசிவிட்டு, குதிரை, முரசு, பூசாரி எதையும் சீண்டாமல், விடிவதற்குள் கல்பாலத்தை இடித்துவிட்டார்கள். கோட்டையில் இருந்த இரும்புக் கம்பிகள், எண்ணெய், கல்லை நொறுக்கும் ஒரு ஷேட்டர் மந்திரம். பேனாவால் எழுதிய ஐந்து கார்டில் இரண்டு குப்பைக்கு. இனி என்ன செய்வது, ஓர்க்குகளைப் பறக்கவிடவா என்று கேட்கிறார்.

பறக்கவிடாதீர்கள். அவர்கள் ஜெயித்ததை ஜெயித்ததாகவே விடுங்கள், ஓர்க்குகளின் அடுக்கில் இரண்டு டோக்கன் எடுங்கள். பிறகு எனக்கு இரண்டு பதில் வேண்டும். ஆறு எவ்வளவு ஆழம் என்று இதுவரை அவர்களிடம் சொல்லியிருக்கிறீர்களா? இடிந்த கல்லெல்லாம் எங்கே போய் விழுந்தது? ஏனென்றால் அந்த மதகு, தண்ணீர் வரும் மதகு, பாலத்துக்குக் கீழ்ப்பக்கம்தான் என்று உங்கள் வரைபடத்தில் பார்த்த ஞாபகம்.